விழுந்து கும்பிட்டவர்

அவருடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தில், மார்புக்கு நேராக, அநேகமாக எப்போதும் கொஞ்சம் மணல் ஒட்டியிருக்கும். அதை அவர் தட்டிவிட மாட்டார். கட்சிக் கூட்டத்துக்குக் கடலூர் போகும்போதும் அப்படியேதான் பஸ் ஏறுவார்.

"என்னா தலைவரே, காலையிலயேவா?" என்று கண்டக்டர் கேட்பார்.

"ஆமாம்ப்பா, ஒரு சின்னத் தப்பு. வுழுந்துட்டு வர்றேன்" என்பார், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதைப் போல.

எங்கள் ஊர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. மீன்பிடித் தொழில்தான் எல்லாருக்கும். அங்கே ஒருவன் தப்பு செய்தால் அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடும். தப்பு செய்தவன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊருக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். யாருக்குத் தப்பு செய்தானோ அவர் "எழுந்திரு" என்று சொல்லும்வரை மணலில் கிடக்க வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தவன் குடும்பத்தை ஊர் தள்ளிவைக்கும். அவன் பிடித்து வந்த மீனை ஏலத்தில் கேட்க ஆள் வராது. அவன் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுக்கவும் ஆள் வராது.

விழுந்தவர்கள் எல்லாரும் சாதாரண ஆட்கள்தான். வலையை அறுத்தவன், குடித்துவிட்டு அடித்தவன், அடுத்தவன் மனைவியைப் பற்றித் தப்பாகப் பேசியவன். ஊர்த் தலைவனே விழுவது அக்கம்பக்கத்து ஊர்களில் கேள்விப்படாத விஷயம். எங்கள் தலைவர் விழுவார்.

முதன்முதலாக நான் அதைப் பார்த்தபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். புயல் வருகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டிருந்தார். தலைவர் சொல்லிவிட்டால் ஒரு படகும் இறங்காது. விடிந்து பார்த்தால் வெயில் பளிச்சென்று அடிக்கிறது, கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் படகு படகாக மத்தி கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலம் அவராகவே ஊரைக் கூட்டினார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டினார். அந்தப் பெரிய உடம்பு தொப்பென்று மணலில் விழுந்த சத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"ஊரு மன்னிக்கணும். நான் சொன்னது தப்பாப் போச்சி."

என் அப்பா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்துக்கடா. தலைவன்னா இவன்தான்."

நானும் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குடிமையியல் புத்தகத்தில் ஆள்பவர்கள் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஒரு வரி வரும். அதை மனப்பாடம் செய்யும்போதெல்லாம் கண்ணுக்குள் அவர்தான் மணலில் கிடப்பார். சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது ஹாஸ்டலில் அரசியல் பேச்சு வந்தால் நான் இதைத்தான் பெருமையாகச் சொல்வேன். "எங்க ஊர்த் தலைவரு தப்பு பண்ணா எங்க முன்னாடி வுழுவாருடா. உங்க ஊர்ல யாராவது உண்டா?"

காட்டுமன்னார்கோயில் பையன் ஒருவன் சிரித்தான். "எங்க ஊர்ல தலைவருங்க கால்ல நாங்கதான்டா வுழறோம்."

அந்தச் சிரிப்பில் நான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் சேர முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க என்னோடு தாலுகா அலுவலகத்துக்கு வந்தவரும் அவர்தான். அப்பாவுக்கு ஆபீஸ் என்றால் வாசற்படியிலேயே கால் நின்றுவிடும். அங்கே இருந்தவர், கூட்டம் ஜாஸ்தி, நாளைக்கு வாருங்கள் என்றார். தலைவர் தோளில் இருந்த துண்டை மெதுவாக எடுத்து இடுப்பில் கட்ட ஆரம்பித்தார். "எங்க ஊருல மொதமொத படிக்கிற புள்ள சார். அவனுக்காக நான் வுழறேன்" என்று குனிந்தார். அந்த மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஐயோ, வேணாம் வேணாம், உக்காருங்க ஐயா, இப்பவே தர்றேன்" என்று அலறிவிட்டார். அரை மணி நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. "எதுக்கு தலைவரே அவருகிட்டப் போயி..." என்று இழுத்தேன்.

அவர் ஜன்னல் வழியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சண்ட போட்டா நாலு நாளு ஆவும் மருமவனே. வுழுந்தா எவனும் அடுத்த கேள்வி கேக்க மாட்டான்."

அதை நான் எளிமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரில் எல்லாரும் என்னைப் போல ஏமாளிகள் இல்லை. மீன் விற்கிற பெண்கள் கூடை வைக்கும் இடத்தில் ஒருமுறை கட்சி அலுவலகத்துக்குக் கொட்டகை போட்டுவிட்டார்கள். அவர் கவுன்சிலர் ஆன புதிது. பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் வந்தார், விழுந்தார், எழுந்திரு என்றார்கள், எழுந்தார். கொட்டகை அப்படியே இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பெண்கள் மறுபடி கேட்டார்கள். மறுபடி விழுந்தார். அப்போது ஒரு பெண் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வுழுந்து வுழுந்து ஒங்க சட்டதான் அழுக்காவுது தலைவரே. எங்க கூடைக்கு எடத்தக் காணோமே!"

பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவரும் கிடந்தபடியே சிரித்தார். ஆனால் பின்னால் நின்ற பெரியவர்கள் அவளை அதட்டினார்கள். முடிந்த பேச்சை எடுக்கிறாயா என்று கேட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு நானும் அவளைத்தான் வாய்த்துடுக்கு என்று நினைத்தேன்.

என் அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். தலைவர் மேல் அவருக்குப் பக்தி என்றுகூடச் சொல்லலாம். போன வருடம் திருவிழாவுக்கு மச்சானும் காப்பு கட்டிக்கொண்டார். கோயில் காரியமும் தலைவர் கையில்தான். பூசாரிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மஞ்சள் கயிறாக எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். காப்பு கட்டிவிட்டால் மீன் கறி கிடையாது, சாராயம் கிடையாது, பாயில் படுப்பதுகூடக் கிடையாது.

காப்பு கட்டிய ஐந்தாம் நாள் கட்சியின் பெரிய தலைவர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். புதிதாகக் கட்டிய மீன் இறங்குதளத்தைத் திறந்துவைக்க வருகிறார், கடல் பக்கமிருந்து படகில் ஊர்வலமாக அழைத்துவர வேண்டும், வீட்டுக்கு ஒரு படகு இறங்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடந்தது. அலை உள்ளே வரும்போது மடங்கி அடிக்கும். ஆட்கள் தயங்கினார்கள். ஆனாலும் தலைவர் சொல்லிவிட்டார், இறங்கினார்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பனியன் கொடுத்திருந்தார்கள். முன்னால் பெரிய தலைவர் படம், பின்னால் எங்கள் தலைவர் படம். மீன்துறை கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை அதன்மேல் மாட்டிக்கொண்டு ஆட்கள் படகில் நின்றார்கள். காவி நிறத்தில் தடியான ஜாக்கெட். கரையில் மேடை போட்டு மைக் கட்டியிருந்தது. தலைவர் மைக்கை வாங்கினார்.

"டேய், ஜாக்கெட்ட கழட்டிட்டு நில்லுங்கடா. படம் மறையுது."

கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம். யாரும் தப்பாக நினைக்கவில்லை. நாலைந்து பேர் சிரித்தார்கள்கூட. மச்சான் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துப் படகுக்குள் காலடியில் வைத்ததை நான் பார்த்தேன்.

முகத்துவாரத்தில் இரண்டு படகுகள் ஒன்றுக்கொன்று ஒதுங்கப் பார்த்தன. ஓர் அலை மடங்கி அடித்தது. மச்சானுடைய படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் எல்லாரும் நீந்தி வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு நீச்சல் நடப்பதைப் போல. ஆனால் படகின் விளிம்பு மச்சானின் பின்மண்டையில் அடித்திருந்தது. மயங்கிப்போன ஆளுக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? மிதக்கவைக்க ஒன்று வேண்டும். அது கவிழ்ந்த படகுக்கு அடியில் கிடந்தது.

சாயங்காலம் தூக்கி வந்தபோது வலது கையில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. அந்த வருடம் திருவிழா நின்றுபோனது.

மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு ஊர் கூடியது. தலைவர் வந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். அக்காவின் எதிரில் விழுந்தார். இதுவரை நான் பார்த்தது எதுவும் விழுவதே இல்லை என்று தோன்றும்படி விழுந்தார். நெற்றியை மணலில் தேய்த்துத் தேய்த்து அழுதார்.

"நான்தான்மா கழட்டச் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். ஒன் தாலிய நான்தான் அறுத்தேன்."

கூட்டமே அழுதது. நானும் அழுதேன். தன் வாயால், ஊர் முன்னால், எந்த அரசியல்வாதி இப்படி ஒத்துக்கொள்வான்? அக்கா ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சின்னப் பையன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில் குனிந்து சொன்னேன்:

"சொல்லிடுக்கா. எவ்ளோ பெரிய மனுசன்."

என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "எழுந்திரிங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, மச்சானின் சாவு பற்றிச் சிதம்பரம் சப் கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை, வரவும் என்று அக்காவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அதோடு ஊர் சார்பில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலும் இருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். அனைவரும் பாதுகாப்பு உடை அணிய வேண்டும் என்று தலைவர் ஒலிபெருக்கியில் பலமுறை எச்சரித்தார். இறந்தவர் மது அருந்தியிருந்த காரணத்தால் அதைக் கேட்காமல் தானாகவே உடையைக் கழற்றி வீசினார். இந்த விபத்துக்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"குடிச்சிருந்தாருன்னா எழுதியிருக்கு? காப்பு கட்டுன ஆளயா?"

"ஆமாக்கா."

"யாரு யாரு கையெழுத்து?"

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். கடைசியில் ஒரு கைநாட்டு இருந்தது. அதற்குக் கீழே எங்கள் அப்பா பெயர்.

அப்பா கொல்லையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் முன்னால் நீட்டினேன். "ஊரு நீட்டுச்சி, வச்சேன்" என்றார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சிக் காட்டச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"தலைவரு குடுத்தத, படிச்சிக் காட்டுன்னு எப்பிடிடா கேக்கறது?"

என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். மதியம் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். "வா மருமவனே, சாப்புட்டியா?" என்றார். காகிதத்தை நீட்டினேன். கையில் வாங்கவில்லை.

"மச்சான் குடிச்சிருந்தாரா தலைவரே?"

"இல்ல."

அவ்வளவு சட்டென்று அந்தப் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கழட்டச் சொன்னது?"

"நான்தான்."

"அப்பறம் இது என்னா?"

"அதுக்குத்தான் வுழுந்தனேடா. நெத்தித் தோலு உரிய வுழுந்தேன். ஒங்கக்கா எழுந்திருன்னுச்சி. நீதான பக்கத்துல நின்னு சொல்லச் சொன்ன? முடிஞ்சிதில்ல?"

"இது கவர்மெண்ட்ல குடுத்த பேப்பரு."

"கவர்மெண்டுக்கு வுழுந்தாப் புரியாது மருமவனே. அவுங்களுக்குப் பேப்பருதான் வேணும். உண்மைய ஊருக்குக் குடுத்துட்டேன். பேப்பர அவுங்களுக்குக் குடுத்துட்டேன். பெரிய தலைவரு பேரு இதுல அடிபட்டா நம்ம ஊருக்குக் கடலரிப்புக்குக் கல்லு கொட்டுவாங்களா? நீ படிச்சவன், நீயே சொல்லு. ஒங்கக்காவுக்கு சத்துணவுல வேலைக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

"செத்தவரு பேரு?"

"ஊர்ல எவனாவது அவனக் குடிகாரன்னு சொல்லுவானா? நாக்க அறுத்துடுவேன். காயிதத்துல இருந்தா என்னா? யாரு படிக்கப் போறா?"

"அவரு புள்ள படிப்பான் தலைவரே. நாளைக்கு அவன் காயிதத்தத்தான் படிப்பான்."

அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். ஊஞ்சலை விட்டு இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்தார். அவர் அதை இடுப்பில் கட்டி முடிப்பதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன். என் காலில் அவர் விழுந்திருந்தால் நான் எழுந்திரிங்க என்று சொல்லியிருப்பேன். அந்தப் பயம்தான்.

விசாரணைக்குப் போனால் முடிந்த பேச்சை எடுத்ததாக ஆகும், குடும்பத்தைத் தள்ளிவைப்பார்கள் என்று நாலு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் அப்பாவும் பின்னாலேயே ஓடி ஏறினோம். அலுவலகம் வந்ததும் அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

விசாரணை அதிகாரி ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ஒரு பக்கம் தலைவரும் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரும். எதிரில் அக்கா. மூலையில் ஒருவர் எல்லாவற்றையும் டைப் செய்துகொண்டிருந்தார். அதிகாரி வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"அவரு குடிக்கல மேடம். காப்பு கட்டியிருந்தாரு. கயிற எடுத்துக் குடுத்ததே இவருதான். ஜாக்கெட்ட கழட்டச் சொன்னதும் இவருதான். மைக்குல."

அதிகாரி தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க மைக்குல என்ன சொன்னீங்க?"

தலைவர் எழுந்தார். பதில் சொல்லத்தான் எழுகிறார் என்று ஒரு நொடி நம்பினேன். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு வந்தது. சிமெண்டுத் தரையில், அக்காவின் நாற்காலிக்கு முன்னால், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"என்னய மன்னிச்சிடும்மா."

அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "என்ன இது, எழுந்திருங்க ஐயா" என்றார். அவர் அசையவில்லை. பெரியவர்களில் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அக்காவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லுப்பா. அன்னிக்கி மாதிரி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"மேடம், எழுந்திரின்னு நான் ஒருவாட்டி சொல்லிட்டேன்" என்றாள். "இனிமே சொல்ல மாட்டேன். நீங்க கேட்டீங்க இல்ல? அதுக்கு அவரு எழுந்து நின்னு பதில் சொல்லட்டும்."

அதிகாரி மறுபடி கேட்டார். இந்த முறை குரல் மாறியிருந்தது. "எழுந்து நில்லுங்க. ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னது யாரு?"

ஊரில் ஆயிரம் பேர் முன்னால் அழுது சொன்ன அந்த ஒரு வரியை, பத்துப் பேர் இருந்த அறையில், நின்றுகொண்டு சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

டைப் செய்கிறவர் தலையைத் தூக்கினார். "மேடம், என்னன்னு போடட்டும்?"

"கேள்விக்குப் பதில் சொல்லலன்னு போடுங்க."

விசைகள் தட்டப்பட்டன. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய வலது கை மட்டும் தரையோடு தரையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து அக்காவின் பாதத்தைத் தேடியது. அக்கா நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.